டைனிஸின் பெயர்நாளுக்கு வந்த அதிகாரி

பெயர்நாளுக்கு யாரையும் அழைக்கக் கூடாது. எங்கள் லியபாயாவில் மட்டுமில்லை, லாத்வியா முழுக்க அதுதான் வழக்கம். பிறந்தநாளுக்கு அழைக்கலாம், கல்யாணத்துக்கு அழைக்கலாம். ஒவ்வொரு நாளுக்கும் சில பெயர்கள் போட்ட நாள்காட்டியில் நம் பெயர் அச்சாகியிருக்கும் நாளில் மட்டும் வாயை மூடிக்கொண்டு, காபியும் பலகாரமும் தயாராக வைத்துக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். வருகிறவர்கள் தாமாக வருவார்கள். வராவிட்டால் அதைப் பற்றி யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ள முடியாது, ஏனென்றால் நாம்தான் யாரையும் அழைக்கவே இல்லையே. வேலைமெனக்கெட்டு உட்கார்ந்து யோசித்தாலும் தனியாக இருக்கும் மனிதனுக்கு இதைவிடக் கொடுமையான ஒரு பண்டிகையைக் கண்டுபிடிக்க முடியாது.

டைனிஸ் அப்சீத்திஸ் ஒவ்வோர் அக்டோபர் கடைசியிலும் மேசை போட்டார். வெள்ளை விரிப்பு, ஆறு கோப்பைகள், நடுவில் கிளிங்கெரிஸ். குங்குமப்பூவும் உலர்திராட்சையும் போட்டு, பெரிய முடிச்சாக வளைத்துச் சுடுகிற அந்த இனிப்பு ரொட்டி இல்லாமல் பெயர்நாள் ஏது? மீன் தொழிற்சாலையின் குளிர்கிடங்கில் அவர் பொறியாளராக இருந்த காலத்தில் நாற்காலி போதாமல் ஜன்னல் திண்டிலெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தொழிற்சாலையை மூடினார்கள். பாதிப் பேர் அயர்லாந்துக்குப் போனார்கள், சிலர் கல்லறைக்குப் போனார்கள், மனைவி ஒரு பல் மருத்துவரோடு ரீகாவுக்குப் போனாள். மகள் டப்ளினிலிருந்து கைப்பேசியில் ஆடுகிற பூ ஒன்றை அனுப்புவாள். கொஞ்ச வருடங்களாக ஆறு கோப்பைகளும் யாருடைய உதடும் படாமலே அலம்பப்பட்டு அலமாரிக்குத் திரும்பின. கிளிங்கெரிஸை அவர் ஒரு வாரம் தானே தின்று தீர்ப்பார். கடைசித் துண்டுகளைக் காபியில் முக்கினால்தான் பல் இறங்கும்.

இந்த வருடம் அவர் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தார். இந்த ஒரு முறை மேசை போடுவது. யாரும் வரவில்லையென்றால் கோப்பைகளை யாருக்காவது கொடுத்துவிட்டு, அத்தோடு அந்த நாளை நாள்காட்டியில் மற்ற நாட்களைப் போல ஆக்கிவிடுவது. பெரிய முடிவு ஒன்றுமில்லைதான். ஆனால் அதை எடுத்த அன்று இரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிழைப்புக்குக் குறைவில்லை. வீட்டிலிருந்தபடியே ஆலோசகர் வேலை. குளிர்கிடங்குகளின் வெப்பநிலை நாள் முழுக்க ஏறி இறங்குவதை இயந்திரங்கள் கோடாக வரைந்து அனுப்பும். அந்தக் கோட்டைப் பார்த்து எந்த வால்வு சரியில்லை, எங்கே பனி கட்டுகிறது என்று டைனிஸ் எழுதி அனுப்புவார். உள்ளூர்க் கிடங்குகள் இரண்டு மூன்று இருந்தன. இலையுதிர்காலத் தொடக்கத்தில் டென்மார்க்கில், ஆல்போர்க்கிலிருந்து, ஒரு பெரிய நிறுவனம் கேட்டு எழுதியது. அவர்களுடைய கோடுகளை மாதிரிக்கு அனுப்பியிருந்தார்கள். டைனிஸ் அவற்றை இரண்டு நாள் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். வேலை என்றால் இது வேலை என்று தோன்றியது. இதற்காகக் காலையில் எழுந்து முகம் சவரம் செய்யலாம்.

அங்கேதான் வாட் என்கிற மதிப்புக்கூட்டு வரி வந்து குறுக்கே நின்றது. அவருடைய கணக்கைப் பார்ப்பவர் ஸ்கைட்ரிதே, குல்டீகாவில் இருக்கும் அம்மாள். டைனிஸ் அவரை நேரில் பார்த்ததே கிடையாது, எல்லாம் தொலைபேசியில்தான். உள்ளூர் வேலை மட்டும் என்றால் வருமானம் வரம்பைத் தாண்டும்வரை வாட் பக்கம் தலைவைக்க வேண்டாம், வேறு ஐரோப்பிய நாட்டு நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்வதென்றால் முதல் வேலைக்கு முன்பே பதிவு செய்து எண் வாங்கியாக வேண்டும் என்று ஸ்கைட்ரிதே விளக்கினார்.

"அப்ப எவ்வளவு வரி கட்டணும்?" என்று டைனிஸ் கேட்டார்.

"அந்தப் பில்லுக்கு நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம். டென்மார்க்காரங்க அவங்க ஊர்ல கணக்கு காட்டிக்குவாங்க."

"கட்ட வேண்டாம்னா எண் எதுக்கு?"

"கட்ட வேண்டியது நீங்க இல்லன்னு காட்டறதுக்கு." ஸ்கைட்ரிதே பெருமூச்சு விட்டார். "இத இன்னிக்கு ஒருத்தருக்கு மூணு தடவ சொல்லியாச்சு. நீங்களாவது மறுபடி கேக்காதீங்க."

டைனிஸ் மறுபடி கேட்கவில்லை. விண்ணப்பம் போயிற்று. அக்டோபர் நடுவில் வரி அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. தொழில் நடக்கும் இடத்தைப் பார்ப்பதற்கு வியாழக்கிழமை பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே அலுவலர் ஒருவர் நேரில் வரக்கூடும், விண்ணப்பதாரர் வீட்டில் இருக்க வேண்டும். ஆளே இல்லாத முகவரியில் பெயரை மட்டும் பதிந்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்களாம். அதனால் உண்மையாகவே ஒரு மனிதன் இருக்கிறானா, அவனுக்கு ஒரு மேசை இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். டைனிஸ் நாள்காட்டியைப் பார்த்தார். அந்த வியாழக்கிழமைக்குக் கீழே டைனா, டைனிஸ் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

வேறு நாள் கேட்கலாமா என்றால் ஸ்கைட்ரிதே கூடவே கூடாது என்றார். மாத முடிவுக்குள் எண் இல்லாவிட்டால் டென்மார்க் வேலை போய்விடும். பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். கதவில் பெயர் இருக்கிறதா? வெறும் நம்பர் போதாது, பெயர் வேண்டும், தபால் பெட்டியிலும் வேண்டும். சாப்பாட்டு மேசை கண்ணில் படக் கூடாது, கணினியும் காகிதங்களும் கண்ணில் பட வேண்டும்.

"முக்கியமா ஒண்ணு. திங்கற பொருள் எதையும் மேசையில வைக்காதீங்க. ஒருத்தர் நல்லெண்ணத்துல சாக்லேட் டப்பாவ நீட்டப் போக, லஞ்சம் குடுக்கப் பாத்தார்னு எழுதிட்டாங்களாம். காபி வேணுமான்னுகூட வாயத் திறக்காதீங்க."

"காபிகூடவா?"

"தண்ணிகூட அவங்களா கேட்டாத்தான்."

டைனிஸ் பெயர்ப்பலகை செய்யக் கொடுத்தார். 'டைனிஸ் அப்சீத்திஸ், குளிர்பதன ஆலோசகர்'. அதைக் கதவில் திருகி முடித்ததும் உடம்பில் சட்டை இல்லாததைப் போலக் கூசியது. அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் வேறெந்தக் கதவிலும் பெயர் கிடையாது. அங்கே யாரும் யாரையும் பார்ப்பதே கிடையாது. எங்கள் ஆட்களின் வித்தை அது. வெளியே கிளம்புவதற்கு முன் கதவிலுள்ள கண்ணாடித் துளையில் கண்ணை வைப்போம். மாடிப்படியில் காலடி கேட்டால் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கூடப் பலமாக விடாமல், அது கடந்து போகும்வரை நிற்போம். எதிரே வருபவர்களிடம் வணக்கம் சொல்லி, மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசும்படி ஆகிவிட்டால் என்ன செய்வது? டைனிஸ் இதில் கைதேர்ந்தவர். மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், ஐந்தாவது மாடியில் ஒரு கால் கொஞ்சம் இழுத்து நடக்கும் என்பதற்கு மேல் அவருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. கிளிங்கெரிஸை அந்தச் செய்தி வருவதற்கு முன்பே பேக்கரியில் சொல்லி வைத்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, காலையில் போய் வாங்கி வந்துவிட்டார். வாங்கி வந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டே கூடத்தில் நின்றார். கடைசியில் படுக்கையறைத் துணி அலமாரிக்குள், குளிர்காலக் கோட்டுகளுக்குக் கீழே வைத்தார். கோப்பைகளையும் அங்கேயே வைத்தார். வெள்ளை விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கணினி, அச்சு இயந்திரம், டென்மார்க்காரர்களின் வரைவு ஒப்பந்தம், பழைய சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பரப்பினார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, குங்குமப்பூ வாசனையைத் தவிர. அது அலமாரிக் கதவுக்கெல்லாம் அடங்குகிற வாசனையா? ஜன்னலைத் திறந்து வைத்தார். கடல் காற்று ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. மூடினார்.

பதினொரு மணி வாக்கில் அழைப்புமணி அடித்தது.

டைனிஸ் துளையில் கண் வைத்துப் பார்த்தார். அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி, கருநீலக் கம்பளி மேலங்கி, சங்கிலி போட்டுக் கழுத்தில் தொங்கும் கண்ணாடி, கையில் துணிப்பை. அந்த முகத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இறுக்கிய உதடு, நேராக நிமிர்ந்த கழுத்து, எதிரில் இருப்பவன் எதையோ ஒளிக்கிறான் என்று முன்கூட்டியே அறிந்திருக்கும் கண்கள். இது அதிகாரியின் முகம்தான்.

"வாங்க மேடம். உங்களத்தான் எதிர்பார்த்துட்டிருந்தேன்" என்றார் டைனிஸ்.

அந்தப் பெண்மணியின் இறுகிய முகம் சட்டென்று தளர்ந்தது. "நிஜமாவா?"

"காலையிலேர்ந்து."

அவர் உள்ளே வந்து காலணியைக் கழற்றக் குனிந்தார். வேண்டாம் வேண்டாம், இது அலுவலகம்தான், அப்படியே வாருங்கள் என்று டைனிஸ் தடுத்தார். அவர் துணிப்பைக்குள் கைவிட்டு எதையோ எடுக்கப் போனார். கோப்பாக இருக்கும். காகிதமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் வேலை செய்கிற இடத்தைப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லி, டைனிஸ் அவரை ஏறக்குறைய ஓட்டிக்கொண்டு போய் மேசைக்கு முன்னால் நிறுத்தினார். அந்தப் பெண்மணி பைக்குள் விட்ட கையை வெறுமனே வெளியே எடுத்தார்.

இது கணினி, இது அச்சு இயந்திரம், இது ஒப்பந்தம், முகவரி சரியாக இருக்கிறதா பாருங்கள், கதவில் பெயர்ப்பலகை பார்த்திருப்பீர்கள். பெண்மணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் பார்த்தார். பார்த்தேன், பெயரைப் பார்த்துத்தான் வந்தேன் என்றார். பிறகு தலையைத் திருப்பி மூக்கை லேசாக உறிஞ்சினார்.

"நல்ல வாசனை வருதே. குங்குமப்பூவா?"

"பக்கத்து வீட்டுல மேடம்" என்று டைனிஸ் மென்று விழுங்கினார். அது போதாது என்று பட்டது. நேர்மையாகச் சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்தார். "உங்களுக்கு ஒரு காபி குடுக்கணும்னு எனக்கு ஆசைதான். ஆனா நான் குடுக்கக் கூடாது, நீங்களும் வாங்கக் கூடாது. எனக்கு எல்லாம் தெரியும். வரி ஆபீஸ்ல உங்களுக்கு அப்படி விதி இருக்கும்."

பெண்மணி ஜன்னலில் மழை வழிவதைப் பார்த்தார். "ஓ, அப்படியா" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, என்ன வேலை பாக்கறீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார்.

டைனிஸ் சொன்னார். முதலில் மேலோட்டமாகத்தான் தொடங்கினார். ஆனால் அந்த அம்மாள் கேட்ட விதம் அப்படி. குறிப்பு எழுதவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை. புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டார். டைனிஸ் ஆல்போர்க் கோடுகளைத் திரையில் திறந்தார். இதோ பாருங்கள், இரவு முழுக்கக் கோடு படுத்துக் கிடக்கிறது. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மட்டும் தினமும் ஒரு சின்ன மேடு. அவர்கள் இயந்திரக் கோளாறு என்று நினைத்துப் பாதி இயந்திரத்தை மாற்றிவிட்டார்கள், மேடு போகவில்லை. இது இயந்திரம் இல்லை. இயந்திரம் இப்படி அழகாக ஏறி அழகாக இறங்காது. யாரோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறார்கள்.

"யாரு?" என்றார் பெண்மணி.

"அது தெரியாது மேடம். எனக்குக் கோடு மட்டும்தான் தெரியும்."

"தினமும் அதே நேரத்துக்கா? எதுக்கு நிக்கிறாங்க?"

எந்த வரி அதிகாரியும் இதைக் கேட்டிருக்க மாட்டார். டைனிஸுக்கு அது உறைக்கவில்லை. அவர் மூடிய தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னார், பழைய அமோனியா குழாய்களைப் பற்றிச் சொன்னார், குளிர்கிடங்குக்குள் விளக்கு அணைந்துவிட்டால் ஏற்படும் அமைதியைப் பற்றிச் சொன்னார். குரல் கரகரத்தது. கடைக்காரரிடம் சொல்லும் நன்றியைத் தவிர அந்த வாரம் அவர் வாயிலிருந்து வேறு சொல் வந்திருக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. விசாரணைக்கு வந்தவரிடம் பேசி இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று ஓரத்தில் வெட்கமாகவும் இருந்தது.

கடைசியில் பெண்மணி எழுந்தார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். டைனிஸ் வாசல்வரை கூடவே போனார்.

"அப்ப நான் இங்க இருக்கேன்னு எழுதிக்குவீங்களா மேடம்?"

"நீங்க இருக்கீங்க. நான் பாத்தேன்." கதவுப் பிடியில் கைவைத்தபடி அவர் திரும்பினார். "இன்னிக்கு வேற யாராவது வர்றாங்களா?"

"யாரும் இல்ல. இது ஆபீஸ்தானே."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். டைனிஸ் நிம்மதியோடு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

இரண்டு மணி ஆயிற்று. இனி கோப்பைகளை வெளியே எடுத்து மேசை போடலாம், சாயங்காலம் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆனால் அவர் எடுக்கவில்லை. எண் கிடைத்துவிடும் என்ற திருப்தியில், இந்த வருடத்துக்கு இது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேசை போடவில்லை, அதனால் யாரும் வரவில்லை என்பதும் கணக்கில் வராது. எவ்வளவு சௌகரியம்.

மூன்று மணிக்குத் தொலைபேசி. வரி அலுவலகத்திலிருந்து ஓர் ஆண் குரல், அவசரமில்லாத குரல். அனுப்பிய காகிதங்களே போதுமானவை, நேரில் வர வேண்டிய தேவை இல்லை என்று முடிவாகிவிட்டது, எண் ஒதுக்கியாகிவிட்டது, கணினியில் பார்த்துக்கொள்ளலாம், காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும் என்றது.

"உங்க ஆபீசர் வந்துட்டுப் போயிட்டாங்களே" என்றார் டைனிஸ்.

"நாங்க யாரையும் அனுப்பலையே சார்."

"ஒரு மேடம். கண்ணாடி போட்டவங்க. ரொம்ப நேரம் இருந்தாங்க."

"சார், யாரா இருந்தாலும் அடையாள அட்டை பாக்காம உள்ள விடாதீங்க. வீட்டுல ஏதாவது காணாமப் போயிருக்கான்னு பாருங்க. தேவைப்பட்டா போலீசுக்குச் சொல்லிடுங்க."

டைனிஸ் அசட்டுத்தனமாகப் பார்க்கவும் பார்த்தார். கணினி இருந்தது. பணப்பை இருந்தது. ஒன்றும் காணாமல் போகவில்லை. திரையில் எண் வந்திருந்தது, நாட்டின் இரண்டெழுத்து முன்னால் நிற்க, நீளமாக. அதை ஒருமுறை வாசித்தார். பிறகு நடைக்கு வந்து நின்றபோதுதான் தரையைப் பார்த்தார். தரையில் வேறு யாருடைய சேற்றுத் தடமும் இல்லை. காலையில் பேக்கரிக்குப் போய்வந்த அவருடைய காலணியைச் சுற்றி மட்டும் சேறு திட்டாகக் காய்ந்திருந்தது. விடிந்ததிலிருந்து கொட்டுகிற மழையில் தெருவிலிருந்து வந்த ஒருவர் ஒரு சேற்றுத் தடம்கூட விடாமல் எப்படி வந்து போயிருக்க முடியும்?

அந்தப் பெண்மணி வாசலில் குனிந்தது நினைவுக்கு வந்தது. கழற்றக் குனிந்தது வெளியே போட்டு நடக்கும் காலணியை இல்லை. காலில் இருந்தது வீட்டுச் செருப்பு. கட்டடத்துக்குள்ளிருந்தே வந்திருக்கிறார். படியேறும்போது கதவில் டைனிஸ் என்ற பெயரைப் பார்த்து, நாள்காட்டியைப் பார்த்து, யாரும் அழைக்காமல், எப்படி வர வேண்டுமோ அப்படி வந்திருக்கிறார். அவரிடம்தான் காபி கொடுக்கக் கூடாது என்று சொன்னோம். வாசனை பக்கத்து வீட்டுடையது என்று சொன்னோம். எத்தனையோ வருடம் காத்திருந்து, வந்த ஒரே விருந்தாளிக்கு முன்னால் ரொட்டியைக் கோட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தோம்.

டைனிஸ் நடையிலிருந்த சின்ன முக்காலியில் உட்கார்ந்தார். அழுகை வரவில்லை, ஆனால் மூஞ்சியெல்லாம் எரிந்தது. அப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது. நாளைக்கு அந்தப் பெயர்ப்பலகையைக் கழற்றிவிடலாம், எண்தான் கிடைத்துவிட்டதே. அந்த அம்மாளும் இனி வர மாட்டார். படியில் காலடி கேட்டால் இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். அந்தக் கடைசி நினைப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்தார்.

கிளிங்கெரிஸைத் தட்டோடு தூக்கிக்கொண்டு தன் இரண்டாவது மாடியிலிருந்து படியேறினார். மூன்றாவது மாடியில் மணி அடித்தார். யாரும் திறக்கவில்லை, ஆனால் துளையில் வெளிச்சம் மறைந்தது. அங்கே நிற்பவரின் நிலை அவருக்கு நன்றாகவே தெரியும், கோபம் வரவில்லை. நான்காவது மாடியில் ஒரு ஆள் கதவைச் சங்கிலியோடு திறந்து, ரொட்டியைப் பார்த்து, நான் எதுவும் வாங்குவதில்லை என்று சாத்திக்கொண்டார். ஐந்தாவது மாடியில் எந்தக் கதவு என்று யோசித்தபடி மூச்சு வாங்க நின்றபோது, உள்ளே ஒரு கால் கொஞ்சம் இழுத்து நடந்து வருவது கேட்டது. அவர் மணியைத் தொடுவதற்குள் கதவு திறந்தது.

அதே கருநீல மேலங்கி. அதே வீட்டுச் செருப்பு. அவருடைய தோளுக்கு மேலாக அறை தெரிந்தது. வெள்ளை விரிப்பு போட்ட மேசை. வட்டமாக அடுக்கிய கோப்பைகள், எல்லாம் காலி. நடுவில் இன்னொரு கிளிங்கெரிஸ், கத்தி படாமல். பக்கத்தில் ஒரு சாக்லேட் டப்பா, துணிப்பையிலிருந்து பாதி வெளியே.

"எம் பேரு டைனா" என்றார் அந்தப் பெண்மணி. "எனக்கும் இன்னிக்குத்தான்."

டைனிஸ் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தார், வேறுதான் வந்தது. "நீங்க ஏன் சொல்லல? அப்பவே சொல்லியிருக்கலாமே, ஆபீசர் இல்லன்னு."

"சொல்லத்தான் நினைச்சேன்." டைனா கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டார். "நான் டிராம்ல டிக்கெட் செக்கிங். ரிட்டயர் ஆகற வரைக்கும் அதே வேலை. எம் மூஞ்சியப் பாத்தாலே ஜனங்க பையத் துழாவ ஆரம்பிச்சுருவாங்க. ரயில்ல பக்கத்துல உக்காந்தாகூட டிக்கெட்ட எடுத்து நீட்டுவாங்க. நீங்களும் அதத்தான் பண்ணீங்க. கதவத் திறந்து, உங்களத்தான் எதிர்பார்த்தேன்னு சொன்னீங்களா, ஒரு நிமிஷம் எனக்கு என்னமோ ஆயிருச்சு. அப்புறம் பாத்தா காகிதம் காட்டறீங்க."

டைனிஸ் தலையைக் குனிந்துகொண்டார். தட்டு கையில் கனத்தது.

"போயிருக்கலாம்" என்று டைனா மெதுவாகச் சொன்னார். "ஆனா நீங்க பேசிட்டே இருந்தீங்க. என்கிட்ட யாரும் இப்படிப் பேசினதில்ல. ஆபீசர்னு நினைச்சாவது பேசட்டுமேன்னு இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். வாருங்கள் என்று சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லக் கூடாது. கதவு மட்டும் திறந்தே இருந்தது. டைனிஸ் ஒரு கணம் வாசலிலேயே நின்றார். இத்தனை வருடமும் அவர் தன் வீட்டில் கோப்பை அடுக்கி யாராவது வருவார்களா என்று காத்திருந்தாரே தவிர, அதே நாளில் அதே பெயரோடு இன்னொருவர் எங்கோ மேசை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அங்கே தான் போகலாமே என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. செருப்பைக் கழற்றி வாசலோரம் வைத்துவிட்டு உள்ளே போனார். இரண்டாவது கிளிங்கெரிஸை முதலாவதின் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே பேக்கரி.

டைனா காபியைப் புதிதாக வைத்தார். பழையது ஆறிப் போயிருந்தது. அப்போது கீழே தெருக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ படியேறினார்கள். காபிப் பாத்திரத்தைப் பிடித்த கை அப்படியே நின்றது, டைனிஸும் நாற்காலியில் அசையாமல் இருந்தார். இரண்டு பேருமே பழக்கதோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காலடி இரண்டாவது மாடியைக் கடந்தது, மூன்றாவதில் நின்றது. சாவி திரும்பியது. கதவு மூடிக்கொண்டது.

டைனா காபியை ஊற்றினார். மற்றக் கோப்பைகளை மேசையிலிருந்து எடுக்கவில்லை.

"அந்த டென்மார்க் ஆளு" என்றார். "கதவத் திறந்து வச்சுட்டு நிக்கிறவங்க. யாருன்னு கேட்டு எழுதியிருக்கலாமே?"

"எனக்குத் தோணவே இல்ல" என்றார் டைனிஸ்.

"கேளுங்க" என்று சொல்லி, டைனா கத்தியை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.